மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தவர்கள்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உன் அப்பாவின் ஜீப்பை ஸ்டார்ட் செய்தேன். தினமும் செய்வதுதான். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று, அடுப்பில் பால் பொங்கும் வரை ஓடவிடுவேன். காலையில் நீ போன் செய்யும்போது பின்னால் கேட்கும் அந்த உறுமலை வைத்து, "என்னம்மா, குமுளிக்கு ஆள் ஏத்தக் கிளம்பிட்டியா?" என்று கேலி செய்வாய். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பத் தெரியும், அவ்வளவுதான். ஓட்ட ஆளில்லாத வண்டியை இத்தனை வருடமாக எதற்கு உயிரோடு வைத்திருக்கிறாய் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பதில் உனக்கும் தெரியும் என்பதால் கேட்கவில்லை. இன்று நான் சீக்கிரம் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோன வாசம் வந்த பிறகுதான் உள்ளே ஓடினேன்.

நேற்று அச்சகத்திலிருந்து போன் வந்தது. உன் கல்யாணப் பத்திரிகைக்காக. "அக்கா, எல்லாம் ரெடி. மாப்பிள்ளையோட அப்பா பேருக்கு முன்னாடி என்ன போடன்னு மட்டும் சொல்லுங்க. திருன்னு போடவா, அமரர்னு போடவா? அதுக்குத்தான் நிக்கிது" என்றார் அந்தத் தம்பி. அவர் மேல் தப்பில்லை. எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்விதான். எல்லா வீட்டிலும் இதற்கு ஒரு பதில் இருக்கும். உன்னிடம் கேட்டேன். "திருன்னே போடச் சொல்லும்மா. அப்புறம், சித்தப்பா பேரு எங்கயும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நாளை பதில் சொல்கிறேன் என்று அச்சகத்தாரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லைத் தீர்மானிக்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ இடையில் புகுந்துவிடுவாய், நான் அழுதுவிடுவேன்.

உனக்குப் பெண் கொடுக்கும் நிவேதாவின் வீட்டார் நல்லவர்கள். இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பூ வைக்க தேவதானப்பட்டிக்குப் போயிருந்த அன்று, கிளம்பும்போது எல்லாப் பெண்களுக்கும் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு வந்த நிவேதாவின் அம்மா, என் முன்னால் வந்ததும் ஒரு கணம் நின்றார். என் கழுத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு கணத்தில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் கண்ணாடியில் தினமும் எனக்கே ஓடுவதுதான். கணவன் இறந்தவளுக்கு ஒரு இடம் இருக்கிறது. இருப்பவளுக்கு ஒரு இடம் இருக்கிறது. கணவன் காட்டுக்குள் போய்த் திரும்பாதவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று ஊருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்துக்கு நாம் போன மதியத்தைப் பற்றி இதுவரை நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நிவேதாதான் ஆசைப்பட்டாள். "காட்டுப் படம்மா, உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று நீ என் காதோடு கேட்டாய். எனக்கு என்ன என்று சொல்லிவிட்டேன். கூடலூர் பஸ் ஸ்டாண்டில் சித்தப்பா வந்து ஒட்டிக்கொண்டார். "மதினியே படத்துக்குப் போறாக, நான் மட்டும் என்ன, களத்துல காக்கா வெரட்டவா?" என்றார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கம்பத்தில் தியேட்டர் நிறைந்திருந்தது. நமக்கு நான்கு இடம் ஒன்றாகக் கிடைத்ததே பெரிது. நீ ஒரு ஓரம், அடுத்து நிவேதா, அடுத்து நான், மறு ஓரத்தில் சித்தப்பா.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மலைத்தோட்டத்தில் வேலை செய்கிற மாரி என்பவன், பார்க்கக் கூடாத ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறான். மூன்று பேர் நாய்களோடு அவனைத் துரத்துகிறார்கள். அவன் ஓடுகிறான். படம் அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச நேரத்திலேயே தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்தாயா? பாட்டில்லை, பேச்சில்லை, அவன் மூச்சுதான் கேட்கிறது. அவன் மூச்சை அடக்கினால் நாமும் அடக்கினோம். அவன் வழுக்கினால் எனக்கு முன்னாலிருந்தவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வரிசை அம்மா, "ஆத்தா, காப்பாத்து, ஆத்தா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "ஏலே கூறுகெட்டவனே, ஓடைக்குள்ள எறங்கி நடடா, நாய்க்கு மோப்பம் அத்துப்போகும்!" நம் ஊர்க்காரன்தான் அப்படிக் கத்த முடியும். அடுத்த காட்சியில் மாரி ஓடைக்குள் இறங்கினான். தானே சொல்லிக்கொடுத்ததுபோலக் கத்தியவன் விசில் அடித்தான், தியேட்டரே கைதட்டியது.

நானும் அதில் மாட்டிக்கொண்டேன், மறைக்க என்ன இருக்கிறது. பயந்தேன், வேர்த்தேன், அவன் ஒரு கிழங்கைத் தோண்டித் தின்றபோது என் வாயில் எச்சில் ஊறியது. நம்மை எது இப்படிக் கட்டிப்போடுகிறது என்று இந்த நாட்களில் நிறைய யோசித்தேன். நமக்கு அபாயம் பிடிக்கும் என்பதால் அல்ல என்று நினைக்கிறேன். அந்தக் காட்டில் அவன் தனியாக இல்லை. எந்தப் பாறைக்குப் பின்னால் அவன் ஒளிந்திருக்கிறான் என்று நமக்குத் தெரியும். நானூறு பேர் அவன் கூடவே ஓடிக்கொண்டிருக்கிறோம். அவன் செத்தாலும் நம் கண் முன்னால்தான் சாவான். பிழைத்தாலும் செத்தாலும், விளக்கு போடுவதற்குள் தெரிந்துவிடும். அந்த நிச்சயம் இருப்பதால்தான் அவ்வளவு பயத்தையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி வந்தது. மாரியின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். காட்டைப் பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அதற்குள் பின்னாலிருந்து, "அண்ணே, காட்டுக்குப் போங்கண்ணே, இந்தம்மா நின்னா படம் நிக்கிது!" என்று குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மைதானே. காத்திருப்பதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? காட்டவும் முடியாது. மாரி ஓடிய ஓட்டத்தை இரண்டு மணி நேரத்தில் காட்டிவிட்டார்கள். அவள் நின்றதைக் காட்ட எத்தனை வருடப் படம் வேண்டும்?

அதன் பிறகுதான் அந்த இடம் வந்தது. துரத்துகிறவர்கள் மாரியின் கூட்டாளியைப் பிடித்து, கழுத்தில் கத்தியை வைத்து, மாரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைக்கிறார்கள். மாரி பாறை இடுக்கில் கிடக்கிறான். தெரிந்த குரல் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவன் வாய் திறக்கிறது. "பேசாதடா! வாய மூடு!" என்று தியேட்டர் முழுவதும் கத்துகிறது. பிறகு ஒரே நிசப்தம். அந்த நிசப்தத்தில் சித்தப்பா எழுந்து நின்று, "ஏய், இந்தா வாரேன்!" என்று பதில் குரல் கொடுத்துவிட்டார்.

எப்படிச் சிரித்தார்கள்! "யோவ் பெருசு, உன்னைய இல்லய்யா!" "காட்டிக் குடுத்திராதய்யா, பாவம்!" நிவேதா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளைச் சொல்லக் கூடாது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "சித்தப்பா, மானத்த வாங்காம உக்காருங்க" என்று பல்லைக் கடித்தாய். அவர் உட்கார்ந்தார். படம் முடியும் வரை தலை நிமிரவில்லை. மாரி பிழைத்தானா இல்லையா என்பதை அவர் பார்க்கவே இல்லை. நீ அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாய். மறுநாள் போனில், "மணவறையில அப்பா எடத்துல இவரா? வேணாம்மா" என்றாய்.

நிவேதாவுக்கு நீ இன்னும் சொல்லியிருக்க மாட்டாய். அவளும் இந்தக் கடிதத்தைப் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். நீ அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஆடி மாதம், விடாத சாரல். நம் திராட்சைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி புகுந்தது. நம் நாய் செவலை அதைத் துரத்திக்கொண்டு, யானை இறங்காமலிருக்க வெட்டிய யானைப் பள்ளத்தைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. கோம்பை நாய்க்கு அதுதானே குணம், பின்வாங்கத் தெரியாது. பன்றி திரும்பி நின்றால் நாயைக் கிழித்துவிடும் என்று உன் அப்பா பின்னாலேயே போனார். மதியச் சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டுப் போனவர். "இந்தா, கூட்டிக்கிட்டு வந்திர்றேன்" என்றார். பொழுது சாய்ந்தும் வரவில்லை. சித்தப்பாவும் அக்கம்பக்கத் தோட்டக்காரர்களும் டார்ச்சோடு கூடினார்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நாம் எல்லாரும் நின்றோம். மேலே மலை தெரியவில்லை, மூடுபனி.

அப்போது ஒரு குரல் கேட்டது. மேலேயிருந்து, இழுத்து, "ஓ...ய்" என்று. நீ பதில் கொடுக்க வாயைத் திறந்தாய். சித்தப்பா உன் வாயைப் பொத்தினார். "பொறுலே. அந்தி நேரத்துல காட்டுலயிருந்து கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் குரல் குடுக்கணும். முனின்னா ரெண்டோட நிப்பாட்டிரும். அண்ணன்னா மூணு தடவை கூப்பிடும்." அங்கே நின்ற ஒருவரும் மறுக்கவில்லை. கல்லூரியில் படித்த நானும் மறுக்கவில்லை. ஏனென்றால் அது எங்கிருந்தோ வந்த பயம் இல்லை, உன் அப்பாவே நடத்திய வழக்கம். குமுளிக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிப் போய் இருட்டித் திரும்பும் நாட்களில் வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் நான் தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும். ஒரு தடவை சீக்கிரம் திறந்ததற்கு எவ்வளவு திட்டினார்! அதனால் நாங்கள் எல்லாரும் நிச்சயமாக இருந்தோம். அவராக இருந்தால் மூன்று தடவை கூப்பிடுவார்.

இரண்டாவது குரல் கேட்டது. முதலாவதைவிடச் சின்னதாக. மூன்றாவது குரல் வரவில்லை.

பிறகு எல்லாரும் உள்ளே போனார்கள், கத்திக் கத்தித் தேடினார்கள். வனத்துறை ஆட்கள் வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் தேடினார்கள். குமுளியில் டீக்கடை வைத்திருந்த உன் அப்பாவின் சிநேகிதர், என் கையில் டம்ளரைக் கொடுத்து, "விஷமிக்கேண்டா சேச்சி, ஆளு வரும்" என்றார். வருத்தப்படாதே, வந்துவிடுவார் என்று. ஆள் வரவில்லை. மறுநாள் விடியலில் செவலைதான் வந்தது, காது கிழிந்து, வாலை இடுக்கிக்கொண்டு. அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அந்தப் பள்ளத்தின் பக்கம் அது போகவே இல்லை.

அன்று ஒரு பதில் குரல் போயிருந்தால் அவருக்குத் திசை தெரிந்திருக்கும் என்று நீ நினைக்கிறாய். நானும் நினைக்கிறேன். அது அவர் குரல்தானா, கருமந்திக் குரங்கா, வேறு ஏதாவதா என்பது தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் சித்தப்பாவின் கை உன் வாயில் வைத்திருந்த அந்தச் சூட்டை நீ இன்னும் துடைக்கவில்லை. படத்தின் அந்த இடத்தில், தெரிந்தோ தெரியாமலோ, உன் கை உன் வாயை மூடியிருந்தது. நான் பார்த்தேன்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ படிப்பு, வேலை என்று வெளியூரிலேயே இருந்துவிட்டாய். அந்த நாளுக்குப் பிறகு சித்தப்பாவை யாராவது ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எங்கிருந்தாலும் பதில் கொடுத்துவிடுவார். வாசலில் பால்காரர் கூப்பிட்டால் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து, "இந்தா வாரேன்!" பஸ்ஸில் யாரோ யாரையோ கூப்பிட்டால் இவர் எழுந்து, "ஏய், இங்கன இருக்கேன்!" பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. கூப்பிட்டுவிட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் ஏமாறுவார். அடுத்த தடவையும் பதில் கொடுப்பார். "ஏன்யா இப்பிடி? பிள்ளைக கேலி பண்ணுதுக" என்று ஒரு நாள் கேட்டேன். "கேலி பண்ணட்டும் மதினி. அதுல ஒண்ணு நெசமா இருந்துட்டா?" என்றார். பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை. தம்பி, தியேட்டரில் எழுந்து நின்றது கோமாளி இல்லை. மாரி செத்தாலும் சரி, படம் கெட்டாலும் சரி, கூப்பிட்ட குரலுக்குப் பதில் இல்லாமல் விட அந்த மனிதரால் முடியவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்குத் தாய் என்று நான் சொல்லத் தகுந்த புத்தி அதிகம் இல்லை. என் இல்வாழ்க்கை பாதியில் நின்ற படம். ஆனால் இதைச் சொல்வேன். நிவேதா கூப்பிட்டால் முதல் தடவையே பதில் சொல். அடுத்த அறையிலிருந்து சும்மா கூப்பிட்டாலும் சொல். நீ போனைப் பார்த்துக்கொண்டிருப்பாய், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று தோன்றும். எல்லாரிடமும் மூன்று தடவைக்கு மூச்சு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. அவள் பதில் சொல்லாத நாளில், கோபப்படாமல் நீயே எழுந்து போய்ப் பார்.

இன்னொன்று. நீ இன்னும் அந்தக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறாய். உன் வீட்டில் எந்நேரமும் போன் தலைமாட்டில் இருப்பதும், தெரியாத எண்ணையெல்லாம் பதறி எடுப்பதும் எனக்குத் தெரியும். எடுத்ததும் உன் குரல் எப்படி மாறுகிறது என்பதும் தெரியும். 'திரு' என்று போடச் சொன்னாயே, அது அப்பாவுக்கு மரியாதை என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அவரை இன்னும் அந்த மழையில், அந்தச் சரிவில், பதிலுக்காக நிற்க வைத்திருக்கிறோம். நானும் தினமும் காலையில் ஜீப்பை உறும விட்டு அதைத்தான் செய்கிறேன். காணாமல் போனவருக்காகச் சட்டம் காத்திருக்கச் சொன்ன ஏழு வருடங்களும் முடிந்துவிட்டன. அந்தத் தியேட்டரில் விளக்கு போட்டதும் எல்லாரும் எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. நமக்கு விளக்குப் போட ஆள் வரப் போவதில்லை. நாமே எழுந்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

நான் முடிவு செய்துவிட்டேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை, நிவேதாவின் வீட்டில் சொல்லவில்லை, இந்த வரியை எழுதும் வரை எனக்கே முழுதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இன்று பொழுது சாயும் நேரத்தில் தோட்டத்துக்குப் போவேன். யானைப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், அன்று நாம் நின்ற இடத்தில் நின்று, அவருக்குப் பதில் குரல் கொடுப்பேன். சத்தமாக, ஊர் கேட்டாலும் பரவாயில்லை என்று. நாளைக் காலை அச்சகத்துக்குப் போய் உன் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போடச் சொல்வேன். அதற்குக் கீழே சித்தப்பா பெயரும் சித்தி பெயரும் வரும். ஜீப் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவேன். மாப்பிள்ளை அழைப்பன்று உன்னை அதில் அவர்தான் ஓட்டிக்கொண்டு வருவார். உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் நெற்றிப் பொட்டை நான் எடுக்கப் போவதில்லை, ஓரமாக நிற்கப் போவதும் இல்லை. முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையை அழைத்து வரச் சொல்லும்போது யாரும் என்னைத் தடுக்க முடியாது. உன்னை மணவறைக்கு நான்தான் கூப்பிடுவேன்.

ஒரு தடவைதான் கூப்பிடுவேன்.